அந்த எழுத்தை மாற்றாதே

அன்பு மகளுக்கு, இங்கே நாங்கள் இருவரும் சுகம், உன் அம்மாவின் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ பார்த்து அழுத படத்துக்கு, பணிமனையில் என்னோடு வேலை செய்யும் வெல்டர் ஞாயிற்றுக்கிழமை எங்களை இழுத்துக்கொண்டு போனான். அதில் வரும் இரண்டாவது அப்பன் படம் முழுக்க அந்தப் பிள்ளையிடம் திட்டு வாங்குகிறான், கடைசியில் லாரிக்குக் குறுக்கே பாய்ந்து அவளைக் காப்பாற்றிவிட்டுச் சாகக் கிடக்கும்போதுதான் அவள் வாயிலிருந்து அப்பா என்ற சொல்லே வருகிறது, தியேட்டரே மூக்கைச் சிந்துகிறது. வெல்டர் என் தோளைத் தட்டி, "அண்ணே, அப்படியே உங்க கதைதான்" என்றான். எனக்கு வந்ததே கோபம். "ஏண்டா, நான் லாரியில அடிபட்டாத்தான் அப்பனா?" என்று கேட்டேன், முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். முன்பெல்லாம் படத்தில் எங்களைப் போன்றவர்கள் பிள்ளைக்குச் சூடு போடுவார்கள், இப்போது உயிரைக் கொடுக்கிறார்கள், காய்ச்சலுக்கு மருந்து ஊட்டிவிட்டு மறுநாளே கணக்குப் பாடத்துக்காக அதே பிள்ளையிடம் கத்துகிற சாதாரண ஆளை மட்டும் எவனும் படம் எடுக்க மாட்டேன் என்கிறான்.

அந்தப் படத்தைப் பார்த்த வேகத்தில், உன் பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்தை எடுத்துவிட்டு என் எழுத்தைப் போட மனு கொடுக்கப் போகிறாயாம். வேண்டாம். உன்னை மூன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று, தகப்பன் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதச் சொன்னார் தலைமை ஆசிரியை. "அவரு செத்துத்தாங்க போனாரு, இல்லாமலா போயிட்டாரு?" என்று கேட்டு உன் அப்பாவின் பெயரையே எழுதினேன், கீழே பாதுகாவலர் என்று கையெழுத்துப் போட்டேன். அதுவரை சைக்கிளில் கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்த நீ, அன்று திரும்பும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டாய். அந்த மனிதரின் எழுத்தைச் சுரண்டிவிட்டு என்னை ஒட்ட வேண்டாம். எந்தக் கொம்பன் கேட்டாலும் நான் உன் அப்பன் என்றுதான் சொல்வேன், அதற்கு எவன் முத்திரையும் தேவையில்லை. ஒருத்திக்கு இரண்டு அப்பன் இருந்தால் யாருக்கு எங்கே வலிக்கிறது?

எந்தக் குறையும் அண்டாமல் நீ நீடூழி வாழவேண்டும். மனுவைக் கிழித்துப் போட்டதும் அம்மாவுக்குப் போன் செய், அவள் நேற்றிலிருந்து உன் அப்பாவின் படத்தையே துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு, நீ கூப்பிடுகிறபடியே,
உன் அங்கிள்