கிடாவுக்காக வாங்கிய பர்மிட்

1997 நவம்பர் 12, புதன். டெக்சாஸ்.

மலையாட்டு வேட்டைக் குலுக்கலில் என் பெயரே விழுந்துவிட்டது. அந்த மலையில் இந்த வருஷம் ஒரேயொரு கிடாவைத்தான் சுட விடுவார்களாம். பர்மிட் என் கையில் இருந்தால் அது பிழைக்குமே என்றுதான் அப்ளை பண்ணினேன். முருகனுக்கு ஆடும் வாகனம் அல்லவா?

பக்கத்து வீட்டு பாப் வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டுகிறவர். இந்தப் பர்மிட்டுக்காகப் பல வருஷமாக ஏங்குகிறவர். சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. "நீங்கள் முட்டைகூடத் தொடமாட்டீர்களே!" என்றார். "சாம்பார் கரண்டியாலயே சுட்டுடுவா" என்று என் வீட்டுக்காரர் தமிழில் கிண்டல் பண்ணினார்.

பாபிடம் வால்பாறைக் கதையைச் சொன்னேன். கல்யாணமான புதிதில் போனபோது வழியில் பஸ் நின்றது. பாறை உச்சியில் ஒரு வரையாடு. "மூச்சு விடாதே" என்று இவர் என் கையைப் பிடித்தார். இவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் முறை.

பாப் கதையை முழுசாகக் கேட்டார். பிறகு, "கிடா நிற்கும் இடம் எனக்குத் தெரியும். துப்பாக்கி வேண்டாம், சும்மா பார்த்துவிட்டு வரலாம்" என்றார்.

ஏமாற்றத்தை விழுங்கிக்கொண்டு சொன்ன அவர் மனசு எனக்குத் தெரியும். காலையில் அவர் வீட்டுக்கு அடை கொடுத்தனுப்ப வேண்டும்.

மலைக்குப் போக இவர் நாளைக்கே லீவு கேட்கப் போகிறாராம். இப்போதெல்லாம் மாடிப்படி ஏறினாலே இவருக்கு மூச்சு வாங்குகிறது. இந்தத் தடவை கையை நான்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.