பிறகு பேச வேண்டியவை

மார்ச் 4

பழைய குடியிருப்பில் முதல் கூட்டம். மாடிப்படிக்குக் கீழே நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். அதில் என்னென்ன வேண்டும் என்று குடியிருப்பவர்களையே பேசி முடிவெடுக்க வைப்பதற்கு வீட்டுவசதி அலுவலகம் என்னை அமர்த்தியிருக்கிறது.

ஆளுக்கொரு அட்டை கொடுத்து, புதுக் கட்டடத்தில் எது இருந்தால் பிடிக்கும் என்று எழுதச் சொன்னேன். முதலில் வந்தது தரைத்தளத்துத் தையல்காரம்மாவின் அட்டை: ‘எங்களுக்கு இங்கேயே வீடு உண்டா?’

இதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. அன்றைய பேச்சில் அடங்காத கேள்வியைத் தள்ளிவிடக் கூடாது. சுவரோரம் தனித்தாள் ஒட்டி, ‘பிறகு பேச வேண்டியவை’ என்று தலைப்பிட்டு, அதில் எழுதிவைக்க வேண்டும். எழுதிவைத்தேன்.

"கல்யாணமே நிச்சயமாகல, பந்தியில யாரு பக்கத்துல யாருன்னு கேக்குறீங்களே மேடம்" என்றார் தையல்காரம்மா. எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

மார்ச் 6

வீட்டுவசதி அலுவலக அதிகாரியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "அது உங்க வேலை இல்ல மேடம். அவங்க யோசனைய வாங்கிக் குடுங்க, போதும்." எப்போதுதான் சொல்வீர்கள் என்றேன். "பிறகு."

என்னுடைய சொல்.

மார்ச் 11

இன்று நல்ல கூட்டம். அதுதான் வலிக்கிறது. துணி காயப்போட வெயில் படுகிற இடம் கேட்டார்கள். லிஃப்ட் பக்கத்தில் ஒரு பெஞ்சு கேட்டார்கள். தையல்காரம்மா குள்ளம். கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்துத் தன் முழங்கால் உயரத்தை அளந்தார். "இதுக்கு மேல போனா என் காலு ஊஞ்சலாடும். எழுதிக்குங்க." எழுதிக்கொண்டேன்.

மார்ச் 12

ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது இவரிடம் எல்லாம் சொன்னேன். "அவங்க முடிவு எடுத்தாச்சுன்னு உனக்குத் தெரியாதா?" தெரியாது என்றேன். "தெரிஞ்சுக்க வேணாம்னு இருக்க."

உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

மார்ச் 17

இப்போது தெரியும். அதிகாரி வரைபடத்தை விரித்துக் காட்டினார். எல்லாம் பெரிய வீடுகள், விற்பனைக்கு. "இவங்களுக்கு ஊருக்கு வெளிய இடம் பாத்தாச்சு. இப்பவே சொன்னா உங்க கூட்டத்துக்கு யார் வருவா?"

நாளை கடைசிக் கூட்டம். சொல்லிவிடு. சொல்லித்தான் தொலையேன்!

மார்ச் 18

பிடித்த யோசனைகளின் மேல் ஒட்ட ஆளுக்கு மூன்று வட்ட ஸ்டிக்கர் கொடுத்தேன். "தேர்தல்லயே ஒரு ஓட்டுதான். மேடம் மூணு தர்றாங்கப்பா!" என்று யாரோ கத்தினார்கள்.

பிறகு வரிசையாக எழுந்தார்கள். பெஞ்சைத் தாண்டி, வெயில் படுகிற இடத்தைத் தாண்டி, சுவரோரத் தாளுக்குப் போனார்கள். எல்லா ஸ்டிக்கரும் அந்த ஒரே கேள்வியின் மேல். எழுத்தே மறைந்துவிட்டது.

சொல்லிவிட வாயெடுத்தேன். நான் யார் பக்கமும் சாயக் கூடாது — இத்தனை வருடம் மற்றவர்களுக்கு நான் கற்றுக்கொடுத்ததும் அதுதான். "உங்க கருத்தைப் பதிவு பண்ணிக்கிறேன்" என்றேன். சே. என்ன வார்த்தை அது!

தையல்காரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "விடுங்க மேடம். உங்க மூஞ்சியே சொல்லுது." தன் ஸ்டிக்கரில் ஒன்றை நகத்தால் உரித்தார். கொண்டுபோய்ப் பெஞ்சின் மேல் ஒட்டினார். "அதையாவது ஒழுங்காப் போடச் சொல்லுங்க."

மார்ச் 20

அறிக்கையின் முதல் பக்கமாக அந்தத் தாளின் படத்தை வைத்து அனுப்பினேன். அதிகாரி கூப்பிட்டார். "மத்ததெல்லாம் பிரமாதம் மேடம். இந்த ஒரு பக்கம் மட்டும் வேணாமே."

எடுத்துவிட்டேன்.

ஜூன் 2

அவர்கள் சாமான்களை ஏற்ற இன்று அங்கே லாரிகள் வந்திருக்கும். நான் போகவில்லை.

நவம்பர் 9

இரண்டு வருடத்துக்கும் மேலாக இந்த நோட்டைத் தொடவில்லை.

புதுக் கட்டடத் திறப்பு விழாவுக்கு அழைத்திருந்தார்கள். மேடையில் அதிகாரி என்னைக் கைகாட்டி, "மக்களே திட்டமிட்ட கட்டடம்" என்றார். கைதட்டினார்கள்.

லிஃப்ட் பக்கத்தில் பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தேன். எனக்குத் தாழ்வு, முழங்கால் மேலே ஏறி நின்றது. கேட்ட உயரத்துக்கு ஒரு நூல் பிசகாமல் போட்டிருக்கிறார்கள்.

காவலாளி வந்தார். "யாரும்மா நீங்க? இங்க குடியிருக்கவங்க மட்டுந்தான் உக்காரலாம்."

எழுந்துகொண்டேன்.