முதல் பாட்டுக்கு முன்னால்

2025 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை, மாலை 4.40. உன் குரல் செய்தி வந்து பதினோரு நாள். அதை நான் கேட்டு ஒன்றரை மணி நேரம்.

அன்புள்ள ரீனாவுக்கு,

நான் நலம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. கோயிலுக்கு நடந்தே போய் வருகிறார். நீ நலமா என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏன் என்று கீழே தெரியும்.

நீ கேட்டபடி முழுத் தாளில் எழுதுகிறேன். கடையில் வேறு தாள் இல்லை, அதனால் பில் புத்தகத்தின் பின்பக்கம். பொறுத்துக்கொள்.

ஆறாம் தேதி நீ ஒரு கேள்வி கேட்டாய். மஸ்கட் மருத்துவமனையில் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டச் சொல்கிறார்கள், 25-ஆம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், என்ன செய்ய என்று. நான் 'உன் இஷ்டம்' என்று அனுப்பினேன். மறுநாள் நீ குரல் செய்தி அனுப்பினாய். மூன்று நிமிடம் நாற்பது நொடி என்று காட்டியது. சாப்பிடும்போது கேட்கலாம், கடை சாத்திவிட்டுக் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டேன். பாதி சோம்பல். மீதி பயம்.

இனி வண்டிக் கதை. அது தெரியாமல் இந்தக் கடிதம் உனக்குப் புரியாது.

ஒட்டன்சத்திரத்தில் தக்காளி மண்டி வைத்திருக்கும் ஈஸ்வரன் என்பவர் கொச்சியிலிருந்து ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறார். இரண்டே இருக்கை. அவர் உள்ளே உட்கார வயிற்றை எக்க வேண்டும். அவர் மனைவி சரஸ்வதி அம்மா, "ஒரு தக்காளிப் பொட்டி வெக்க இடமில்லீங்க, இதுக்குப் பேரு வண்டியாமா" என்று முதல் நாளே என்னிடம் முறையிட்டார். அதில் சிடி மட்டும் பாடும் பழைய பெட்டி இருந்தது. அதைக் கழற்றி டிஜிட்டல் பிளேயர் மாட்டச் சொன்னார்கள்.

இருபத்து மூன்று வயர். ஒன்றும் தப்பில்லை. ஆனால் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் கொசு மாதிரி ஒரு ரீங்காரம். மிதிக்க மிதிக்க ஏறியது. பிளேயரை மாற்றிப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபையரை மாற்றினேன். இரண்டு நாள் போனது. கடைசியில் பார்த்தால் எர்த் வயரை நான் இரும்பில் படாமல் பெயிண்ட் மேலேயே முறுக்கியிருக்கிறேன். டிப்ளமோ முதல் வருடப் பையன்கூடச் செய்யாத வேலை. பெயிண்ட்டைச் சுரண்டி மறுபடி முறுக்கினேன். இரண்டு நிமிடம். சத்தம் நின்றது.

இன்று மூன்று மணிக்கு இருவரும் வண்டி எடுக்க வந்தார்கள். நம் கடையில் எந்த வண்டிக்குப் பாட்டுப்பெட்டி மாட்டினாலும் முதலில் சாமி பாட்டுத்தான் ஒலிக்க வேண்டும். எனக்கு அது எரிச்சல் என்பது உனக்குத் தெரியும். முருகன், மாதா, நாகூர் என்று பென்டிரைவில் மூன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனவளே நீதான். அந்தப் பென்டிரைவ் என் சட்டைப் பையில் தயாராக இருந்தது.

ஆனால் அவர்கள் லேசில் ஆரம்பிக்கவில்லை. நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஒன்று உருண்டு சாக்கடைக்குப் போனது. வேறு வாங்கி வந்தார்கள். தீப்பெட்டி நமுத்திருந்தது. நான் ஓட்டுநர் இருக்கையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா இருக்கும் நேரத்தில் உன் செய்தியை முடித்துவிடலாம் என்று ஒன்றரை மடங்கு வேகத்தில் போட்டுப் போனைக் காதில் வைத்தேன். மைக் சோதிக்க என் போனைப் பிளேயரோடு புளூடூத்தில் இணைத்ததை மறந்தே போனேன்.

உன் குரல் கதவிலிருந்தும் முதுகுப்பக்கத்திலிருந்தும் வந்தது. பழனி ரோடு முழுக்கக் கேட்டிருக்கும்.

"ஏங்க, எந்த வேலையா இருந்தாலும் இத நிறுத்தாமக் கேளுங்க."

நான் அணைக்கக் கையை நீட்டினேன். சரஸ்வதி அம்மா அப்போதுதான் கற்பூரம் பற்றியிருந்த ஆரத்தித் தட்டோடு ஜன்னலில் குனிந்து, "அந்தப் புள்ளதான் நிறுத்தாதீங்கன்னு சொல்லுதுல்லங்க, கைய எடுங்க தம்பி" என்றார். எடுத்துவிட்டேன்.

"உன் இஷ்டம்னு அனுப்பியிருக்கீங்க. என் இஷ்டத்தத் தெரிஞ்சுக்கிறதுக்கு நான் எதுக்கு உங்களக் கேக்கணும்? கண்ணாடியப் பாத்துக் கேட்டுக்கிற மாட்டேனா? வான்னா வாரேன். இருன்னா இருக்கேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. போன்ல 'சரி, வை'ங்கிறீங்க, மெசேஜ்ல கட்டைவிரலத் தூக்கிக் காட்டுறீங்க. ஒரே ஒரு தடவ முழுத் தாள்ல எழுதுங்க. எனக்கும் ஒரு புருஷன் இருக்கான்னு ரூம்ல காட்டணும்."

கடைசி வரியில் உன் குரல் உடைந்தது. ஒன்றரை மடங்கு வேகத்திலும் தெரிந்தது.

ஈஸ்வரன் தலையைச் சொறிந்தார். "உங்கூட்டுல இத்தன வேகமாவா பேசுவாங்க?" என்று கேட்டார். ஒன்றரை மடங்கில் போட்டதைச் சொன்னேன். சரஸ்வதி அம்மா, "மறுக்கா மெல்லப் போடுங்க" என்றார். போட்டேன். நான் ஏன் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. தட்டில் கற்பூரம் எரிந்தே தீர்ந்துவிட்டது.

பிறகு அந்த அம்மா சொன்னார்: "வண்டியில மொத சத்தமே ஒரு புள்ள கேட்ட கேள்விங்க. அதுக்குப் பதில் இல்லாம நான் இதுல ஏற மாட்டனுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேலை முடிந்தது, எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், மற்றது என் வீட்டு விஷயம் என்று சொன்னேன். ஈஸ்வரன், "இவ ஏறாட்டி நான் இத ஓட்டிட்டுப் போயி எங்கீங்க நிறுத்தறது? கேட்டையே தொறக்க மாட்டாளே" என்றார். உன்னை இரண்டு முறை அழைத்தேன். போன் அணைந்திருந்தது, டியூட்டி போல. எழுதச் சொல்லித்தானே கேட்டிருக்கிறாள் என்றார் அந்த அம்மா. இப்போது இருவரும் எதிரே டீக்கடையில் இரண்டாவது வடையில் இருக்கிறார்கள். வண்டி எலுமிச்சம்பழங்களை நசுக்காமல் அப்படியே நிற்கிறது.

சரி. பதில்.

நான் வா என்று சொன்னால் நீ வந்துவிடுவாய். வந்தபின் ஏதாவது ஒரு சண்டையில், "உங்களாலதான் நல்ல வேலைய விட்டேன்" என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். அதனால் முடிவை உன் தலையில் வைத்தேன். அதை மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மரியாதை இல்லை. தப்பித்தல். பதினோரு நாள் தள்ளிப்போட்டது மூன்று நிமிடம் நாற்பது நொடியில் தெரிந்துவிட்டது.

இன்னொன்று. உன் ஸ்கூட்டரை ஞாயிறுதோறும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன். பேட்டரி இறங்கிவிடும் என்று அம்மாவிடம் காரணம் சொல்வேன். ஒரு பழைய பேட்டரிக்காக எவனும் இரண்டு வருடம் அப்படிச் செய்ய மாட்டான்.

நான் பயந்தபடி சண்டையில் நீ அதைச் சொன்னால் சொல்லிக்கொள். கேட்டுக்கொள்கிறேன். நிறுத்தாமல்.

மாதா உன்னைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அமலன்

இனி நான் செய்யப்போவது:

1. சரஸ்வதி அம்மாவிடம் இந்தக் கடிதத்தின் கடைசி வரியை மட்டும் காட்டுவேன். மற்றதைக் கேட்டாலும் காட்ட மாட்டேன்.
2. பென்டிரைவைச் செருகி முருகன் பாட்டைப் போடுவேன். இந்த முறை எரிச்சல்படாமல்.
3. பக்கத்துக் கடையில் சீட் கவர் விற்கும் அப்துல் வாஹித் வியாழக்கிழமை திருச்சியிலிருந்து மஸ்கட் போகிறார். உறையை ஒட்டி அவரிடம் கொடுப்பேன். உன் விடுதி வாசலில் உன் கையிலேயே தருவதாகச் சொல்லியிருக்கிறார். ரூமில் காட்டு.
4. உன் குரல் செய்திகளை இனி வந்த அன்றே, உன் வேகத்திலேயே கேட்பேன்.
5. ஸ்கூட்டருக்கு முன் டயர் மாற்றுவேன். வெடிப்பு விழுந்திருக்கிறது.
6. நீ விமான எண்ணை அனுப்பியதும் கடையைச் சாத்திவிட்டு, ஒரு மணி நேரம் முன்பே திருச்சி விமான நிலையத்தில் நிற்பேன்.
7. வா.