வாசல் தூணில் நிற்கும் கத்தி

அன்புள்ள பெரியவனுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கச்சி எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், இந்தத் தடவை அதைத்தான் நலம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, கோபத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் நீ அம்மாவிடம் கத்தியது எனக்கு வாசல்வரை கேட்டது. அடுத்த மாதம் லீவு கிடைத்ததும் நாலு பேரோடு ஜீப்பில் மலைக்குப் போவாயாம், தம்பி கையை உடைத்தவனுடைய இரண்டு கையையும் உடைக்காமல் இறங்க மாட்டாயாம். நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ இருபது பேசுகிறாய், காகிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் எழுதச் சொல்கிறேன். தம்பி உன்னிடம் சொன்னது பாதிதான். மீதியை வெட்கப்பட்டு விழுங்கிவிட்டான்.

கடைக்கு ஆடு வருவது நின்றுபோனது உனக்குத் தெரியும். மலை மாகாணத்தில் நல்ல கிடா இருக்கிறது என்று தரகர் சொன்னார், நானும் தம்பியும் அவர் வண்டியில் போனோம். ஊரா அது, வானத்தில் ஆணி அடித்து மாட்டிய மாதிரி இருக்கிறது. வீட்டுக்குக் கீழே கல்சுவருக்குள் ஆடுகள், மேலே பலகைத் தளத்தில் மனிதர்கள். ஆணும் பெண்ணும் கம்பளி போர்த்தி இடுப்பில் கத்தி வைத்திருக்கிறார்கள், பால்பல் விழாத குழந்தைக்குக்கூட விரல் நீளத்தில் ஒன்று. கறிக்கடைக்காரன் வெறுங்கையோடு வருகிறான், இவர்கள் கத்தியோடு நிற்கிறார்களே என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அடுத்தவர் வீட்டுக்குப் போகிறோமே என்று மரியாதைக்காக நான் கடைக்கத்திகளை எல்லாம் துடைத்து இங்கேயே வைத்துவிட்டுத்தான் போனேன். அந்த மரியாதைதான் வினையாயிற்று.

ஆடு வைத்திருந்த வீட்டு வாசலில் ஒரு மரத்தூண், உடம்பெல்லாம் வடு, அதில் இரண்டு மூன்று கத்திகள் குத்தி நின்றன. தரகர் வண்டிச் சக்கரத்துக்குக் கல் வைக்கப் பின்தங்கிவிட்டார், நாங்கள் பல்லை இளித்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டோம். விருந்தாளி தன் கத்தியைத் தூணில் குத்திவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், இனி என் கையில் ஒன்றுமில்லை என்று அதற்கு அர்த்தம், குத்தாமல் வருகிறவன் ஒளித்து வைத்திருக்கிறான் என்று அர்த்தம். இதெல்லாம் அப்புறம் தெரிந்தது. வீட்டுக்காரர் சந்தையில் பழகிய நம் பேச்சில் என்ன தொழில் என்று கேட்டார். கறி வெட்டுகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கண் என் இடுப்புக்குப் போனது. கத்தி எங்கே என்றார், கொண்டுவரவில்லை என்றேன். கறி வெட்டுகிறவனிடம் கத்தி இல்லையாம் என்று சொல்லிக்கொண்டே அவர் இளைய மகன் எழுந்தான், தலை உத்தரத்தில் இடிக்கிற உயரம், தம்பி அவனை நெட்டை என்றுதான் சொல்கிறான். நெட்டை என் இடுப்பைத் தடவினான், ஒன்றுமில்லை. தம்பியின் இடுப்பைத் தடவினான், சட்டைக்கு அடியில் இருந்தது பெரியவனே. என் எலும்பு சீவும் கத்தி. ஆட்டுக்கயிறு அறுக்க உதவும் என்று எனக்குத் தெரியாமல் சொருகிக்கொண்டு வந்திருக்கிறான் மடையன். இதைத்தான் அவன் உன்னிடம் சொல்லவில்லை.

அப்புறம் மூச்சுவிட நேரமில்லை. நெட்டை விறகுக்கட்டையால் ஓங்கி அடித்தான், தம்பியின் வலது மணிக்கட்டு முறிந்த சத்தம் கேட்டது, தினமும் கடையில் கேட்கிற சத்தம்தான், ஆனால் இது பெற்ற பிள்ளையின் எலும்பு. பாய்ந்து நெட்டையின் கழுத்தைப் பிடித்தேன். வீட்டுக்காரர் பின்னாலிருந்து என் தலையைப் பலகைச்சுவரில் மோதினார், காதுக்கு மேலே பிளந்து கண்ணெல்லாம் ரத்தம். நானும் விடவில்லை, அவர் கையைக் கடித்தேன், மிச்சமிருந்த நல்ல பல் ஒன்று அங்கேயே போயிற்று. அதற்குள் தம்பி கீழே விழுந்த கத்தியை இடது கையால் எடுத்து நெட்டையின் தொடையில் பிடிவரை இறக்கி உருவியும் விட்டான். ரத்தம் வழியவில்லை, விட்டுவிட்டுப் பீய்ச்சியது. வழிகிற ரத்தம் எது, உயிரைக் கூட்டிக்கொண்டு போகிற ரத்தம் எது என்று எனக்குத் தெரியாதா. அவன்மேல் விழுந்து என் பெருவிரலை அந்தக் காயத்துக்குள்ளேயே விட்டு அமுக்கினேன். மகனைக் கொல்கிறேன் என்று நினைத்து அவன் அப்பா கோடரியை ஓங்கினார். விரலை எடுத்தால் அவன் போவான், எடுக்காவிட்டால் நான் போவேன். நான் எடுக்கவில்லை. வீட்டுக்காரம்மாதான் ரத்தம் நின்றதைப் பார்த்துவிட்டு, புருஷன் முகத்தில் ஒரு செம்புத் தண்ணீரை அடித்து நிறுத்தினாள். தரகர் மருத்துவச்சியைக் கூட்டிவந்து, அவள் தைத்து முடிக்கும்வரை அப்படியே கிடந்தேன். நெட்டை என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான், மீசைகூடச் சரியாக முளைக்காத பிள்ளை. இத்தனை ரகளையிலும் அப்படியானால் கிடா வேண்டாமா என்று தரகர் மெதுவாகக் கேட்டார், அவரை அடிக்க எனக்குத் தெம்பில்லை.

இப்போது அவர்கள் வழக்கத்தைக் கேள். ரத்தத்தைக் கழுவாமல் அந்தக் கத்தியை அப்படியே வாசல் தூணில் குத்தி வைத்துவிட்டார்கள். இரண்டு பிள்ளைகளும் தேறியதும் இரண்டு அப்பன்களும் சேர்ந்து பிடித்துப் பிடுங்க வேண்டும், அதோடு பகை முடிந்தது. அதுவரை இந்தக் குடும்பத்திலோ அந்தக் குடும்பத்திலோ எவன் கை ஓங்கினாலும் அந்தக் கத்தி அவனுடைய அப்பனுக்கு. கை ஓங்கியவனுக்கு இல்லை, கவனி, அப்பனுக்கு. நான் தூணைத் தொட்டுச் சம்மதித்தேன், வீட்டுக்காரரும் தொட்டார். அவருக்கும் ஒரு பெரிய மகன் தூரதேசத்தில் வேலை பார்க்கிறானாம், அவனும் கொதிக்கிறானாம். இந்நேரம் அவரும் யாரையாவது பிடித்து வைத்து அவனுக்குக் கடிதம் சொல்லிக்கொண்டிருப்பார்.

உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. நீ இரண்டாம் வகுப்பில் தையல்காரர் பையனின் பல்லை உடைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டாய். அவர் அளவு நாடா கழுத்தில் தொங்க மழையில் ஓடிவந்து என் கன்னத்தில்தான் அறைந்தார். அன்று வாங்கிக்கொண்டேன். இது அறையோடு போகாது.

தம்பிக்குக் கட்டு போட்டிருக்கிறது, அம்மா ஊட்டிவிடுகிறாள், எருமை மாதிரி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான், கை தேறினாலும் சொல்ல மாட்டான் போலிருக்கிறது. என் காதுத் தையலைப் பிரித்தாயிற்று. லீவு கிடைத்தால் நேராக வீட்டுக்கு வா. ஆளும் வேண்டாம் ஜீப்பும் வேண்டாம், நாம் சேர்ந்து மலைக்குப் போவோம். உன் இடுப்பில் ஒரு கத்தி இருக்கட்டும், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி. அதை வாசலில் குத்திவிட்டு உள்ளே வா. நீ தீர்க்காயுசாக இரு, உன் கையால் யாருக்கும் கேடு வரவேண்டாம், உனக்கும் வரவேண்டாம்.

தங்கச்சி என் பெருவிரலில் மை தடவுகிறாள். அன்றைக்கு அமுக்கின அதே விரல்தான். இன்னும் நான் அதை எடுக்கவில்லை பெரியவனே, நீ எடுக்க வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பாவின் கைநாட்டு