திறக்காத உறை

மார்ச் 9, திங்கட்கிழமை

பெரியவளின் அம்மாவுக்கு,

என் உடம்புக்கு ஒரு குறையுமில்லை. உன் இடக்கண் எப்படி இருக்கிறது என்பதே என் கவலை.

ஏப்ரல் 17, வெள்ளிக்கிழமை உன் கண் அறுவைச் சிகிச்சைக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். அந்த வாரம் எங்கள் அலுவலக அறையில் நான், மேலாளர், நிரல் எழுதும் பெண் ஆகிய மூவரில் ஒருவருக்குத்தான் விடுப்பு. ஆகவே எங்கள் நிறுவனத்தின் பிளாக்செயினில், அதாவது பலர் சேர்ந்து எழுதும் பொதுக் கணக்கேட்டில், பணத்தை ஈடு வைத்தவர்களுள் அடுத்த கணக்கை எழுதுபவரைத் தேர்ந்தெடுக்கும் அதே குலுக்கலை நடத்தினோம். ஆளுக்கொரு எண்ணை உறையிலிட்டு ஒட்டி, ஒவ்வொன்றாகத் திறந்து கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையை மூன்றால் வகுத்து வரும் மீதி 0, 1, 2 என ஆளுக்கொன்றாக முன்பே பிரித்திருந்தோம்; வரும் மீதி ஆளைக் காட்டும். திறக்காத உறை கணக்கில் சேராது.

என் உறையையும் நிரல் எழுதும் பெண்ணின் உறையையும் திறந்து கூட்டியபோது விடுப்பு மேலாளருக்கு வந்தது. உடனே அவர் தம் உறையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“இதைத் தொறக்கலை. விதியில இடமிருக்கே?”

“கடைசியா தொறக்குறவர் எல்லாத்தையும் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னா, அது குலுக்கலா சார்? ஊர் பணத்தையும் இப்படித்தான் காக்குறோமா?” என்ற அந்தப் பெண், உறையைப் பிடுங்கிப் பிரித்தாள். “இதைச் சேர்த்திருந்தா லீவு நம்ம தணிக்கை சாருக்குத்தான்!” என்று என்னைக் காட்டினாள்.

“நான் ஒண்ணுமே செய்யலையேம்மா, சும்மாதானே இருந்தேன்!” என்று மேலாளர் சிரித்தார்.

அவர் பொய் சொல்லவில்லை, விதியையும் மீறவில்லை. ஆயினும் என் விடுப்பு போயிற்று. யாரைக் குறை சொல்வதென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நீ கவலைப்படாதே. சிகிச்சையை 24ஆம் தேதி, அடுத்த வெள்ளிக்குத் தள்ளிவைக்க மருத்துவர் சம்மதிப்பாரா என்று கேள். சட்டைப் பொத்தான்கள் நாலைந்து அனுப்பு. இங்கே கடை இருக்கிறது, கூடப் போகத்தான் ஆளில்லை. பதிலில் “நான் பாத்துக்கிறேன்” என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதே. நான் வர வேண்டுமா, வேண்டாமா என்று எழுது.

விடுதியில் மற்றவர்கள் மேசையைக் கேட்கிறார்கள்; முடிக்கிறேன்.

பெரியவளின் அப்பா