பதினெட்டாம் குழியில் நாலடித் தூரம்

பாய்,

போன வாரம் பிடோக்கில் என் மகளின் புது வீட்டுக்குக் கம்பளம் போட்டார்கள். ஆட்கள் சுருளைப் பிரித்ததும் பசையும் நாரும் கலந்த அந்த வாசனை கூடம் முழுக்கப் பரவியது. கண் கலங்கிவிட்டது. “என்னப்பா, டஸ்ட் ஒத்துக்கலையா?” என்று மகள் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்வது எனக்குப் புதிதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

தேக்காவில் உங்கள் கம்பளக் கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். சனிக்கிழமைகளில் எட்டு மணிக்கே கதவைப் பாதி தூக்கி என்னை உள்ளே விடுவீர்கள். சுருள்களுக்கு நடுவே இருந்த நீண்ட சந்தில் ஒரு பச்சைக் கம்பளத்தை விரித்து, கோடியில் ஒரு எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வைப்பீர்கள். அதுதான் நம் கோல்ஃப் மைதானம். என் கம்பெனியில் பெரிய தலைகள் எல்லாம் ஆடினார்கள் என்பதற்காக நான் கோல்ஃப் பழகினேன். நீங்களோ சர்க்கரைக்காக. “டாக்டர் தெனம் நடக்கச் சொல்லிட்டாரு. சும்மா நடக்க நான் என்ன போஸ்ட்மேனா?” என்பீர்கள்.

தூரத்து அடிகளில் நான் புலி. குழிக்கு நாலடி பக்கத்தில் வந்துவிட்டால் பூனை. பந்தைத் தட்டுவதற்குள் அது விழுந்ததா என்று பார்க்கத் தலை தூக்கிவிடும். தலை தூக்கினால் தோள் திரும்பும், பந்து ஒதுங்கிப் போகும். நீங்கள் என் பின்னால் நின்று பிடரியில் இரண்டு விரலை வைத்துக்கொள்வீர்கள். தலை அசைந்தால் ஒரு தட்டு. ஐம்பத்தாறு வயதில் தலையில் தட்டு வாங்கிய ஆள் தேக்காவிலேயே நான் ஒருவன்தான். “மணிக்கட்ட ஆட்டாத மச்சான், தோள் மட்டும் ஆடட்டும். பந்து போறதப் பாக்காத. விழுற சத்தத்தக் கேளு.” நீங்களும் என்னோடு சேர்ந்து பழகத் தொடங்கியவர்தான். ஆனாலும் உங்கள் பந்து டம்ளருக்குள் போய்க் கணீரென்று விழும். என்னுடையது சுவரோரச் சுருள்களில் முட்டி நிற்கும்.

மூன்று வருடங்களுக்கு முன் நடந்த அந்தக் கோப்பைப் போட்டிக்கு நாம் மூன்று பேராகப் போனோம். மூன்றாவது ஆள் சேகரன், ஜூரோங்கில் கப்பல் பட்டறை இன்ஜினியர். என் அட்டையில் நான் அடித்த அடிகளின் எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவர் நீங்கள். கடைசியான பதினெட்டாம் குழியில் என் பந்து சரியாக நாலடியில் நின்றது. அந்த இடத்தில் ஒரு காசை வைத்து அடையாளம் செய்துவிட்டுப் பந்தை எடுத்தேன். சேகரனுடைய பந்து வர வேண்டிய வழியில் என் காசு இருந்தது. அவர் கேட்டுக்கொண்டபடி அதை, குழியருகே தட்டுகிற பட்டர் மட்டையின் தலை அளவுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். அவர் அடித்து முடித்ததும் காசைப் பழைய இடத்துக்கு நகர்த்திவிட்டுத்தான் நான் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு ஸ்ட்ரோக், அதாவது இரண்டு அடி, தண்டமாக என் எண்ணிக்கையில் ஏறும்; எண்ணிக்கை குறைந்தவர்தான் ஜெயிப்பார். கோல்ஃப் பழகுகிற எல்லோரும் முதல் மாதமே தெரிந்துகொள்கிற விதி அது.

நான் மறந்துவிட்டேன். உங்கள் இரண்டு விரல் பிடரியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல், தோளை மட்டும் ஆட்டி அடித்தேன். பந்து விழும் சத்தம் கேட்டது. குனிந்து அதை எடுக்கக் குழிக்குள் கை விட்டபோதுதான் காசைத் திருப்பி வைக்காதது ஞாபகம் வந்தது. அதற்குள் நீங்கள், குழியிலிருந்து எடுத்துப் பிடித்திருந்த கொடிக் கம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தீர்கள். “கேட்டுச்சா மச்சான்? கேட்டுச்சா?” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினீர்கள். அந்த முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை என்று நெடுநாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சும்மா. எனக்கு ஜெயிக்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் ஜெயித்தேன்.

அட்டையைக் கொடுக்கிற மேசையருகே சேகரன் மெதுவாகத்தான் கேட்டார். “காசத் திருப்பி வச்சீங்களா சார்? எனக்கு டவுட்டா இருக்கு லா.”

“வச்சேனே” என்றேன்.

“வச்சாரு. நான் பாத்தேன்” என்று சொல்லி நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள்.

திரும்பி வரும்போது காரில் பசிக்கிறதா என்று மட்டும் கேட்டீர்கள். அந்த ஒரு நிமிடத்தில் நான் சொல்லியிருக்கலாம். பரோட்டா சாப்பிடலாம் என்றேன்.

அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் கதவு பாதி தூக்கியே இருந்தது. டம்ளரும் படுத்தே இருந்தது. ஆனால் என் அட்டையில் நீங்கள் மறுபடி கையெழுத்துப் போடவில்லை. கண்ணாடி எடுத்து வரவில்லை என்பீர்கள், சட்டைப் பையில் அது துருத்திக்கொண்டிருக்கும். சேகரன் நம்மோடு ஆட வருவதை நிறுத்திக்கொண்டார். உங்களையும் பொய்யர் என்று அவர் நினைப்பதாக நான் எண்ணினேன். அப்படி எண்ணிக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தேன். எவ்வளவு கேவலமான ஆள் நான், பாய்.

நீங்கள் இறந்தபோது உங்கள் ஜனாஸா அடக்கத்துக்கு வந்து, எல்லோரோடும் சேர்ந்து மூன்று பிடி மண் போட்டேன். நாற்பது நாள் தூக்கம் சரியில்லை. பிறகு ஜூரோங்குக்கு ரயில் ஏறிப் போய், சேகரன் வீட்டுக் கதவைத் தட்டினேன். நின்றுகொண்டே சொல்லி முடித்தேன்.

அவர் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார்.

“தெரியும் சார். பாய் அந்த வாரமே இங்க வந்துட்டாரு. ‘நான் பாக்கல, பாத்தேன்னு சொன்னது பொய், மன்னிச்சிடுங்க’ன்னாரு. போட்டிக் கமிட்டிகிட்ட சொல்லிடலாம்னு சொன்னேன். ‘வேணாம், அவனே வந்து சொல்லுவான், நீங்க முந்திக்காதீங்க’ன்னுட்டாரு. நான் வெய்ட் பண்ணேன் லா.”

அப்போதுதான் உட்கார்ந்தேன். அவரே தொடர்ந்தார்.

“எப்பப் பாத்தாலும் கேப்பாரு, ‘அவன் வந்தானா?’ன்னு. ஆஸ்பத்திரில போய்ப் பாத்தப்பவும் அதத்தான் கேட்டாரு. இன்னும் இல்ல பாய்னு சொன்னேன். ‘வருவான்’னாரு.”

மறுநாளே கமிட்டிக்கு எழுதிக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது லேசாகத்தான் இருந்தது. நீங்கள் கேட்ட கேள்விதான் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. சாப்பிடும்போதும் கேட்கிறது, ரயிலில் போகும்போதும் கேட்கிறது. வந்தேன், பாய். நீங்கள் போய் நாற்பது நாள் கழித்து வந்தேன்.