வர வேண்டாம் என்றவளுக்கு

என் வாயாடிக்கு,

கல்லூரி விடுதியில் வைத்த பெயர். பக்கவாதம் வந்ததற்காக அதை மாற்ற மாட்டேன்.

நேற்று போனை எடுத்த உன் வீட்டுக்காரர், "அவ பேசறது யாருக்கும் புரியலைங்க. அதான் யாரையும் பார்க்க மாட்டேங்கிறா" என்றார். பின்னாலிருந்து நீ குழறியபடி, "வர வேணாம்னு சொல்லுங்க" என்றாய். எனக்கு ஓர் எழுத்து விடாமல் புரிந்தது.

அதனால் சனிக்கிழமை நம் விடுதி அறைத்தோழிகள் இருவரும் நானும் வருகிறோம். பல் டாக்டர் கிளினிக்கைப் பூட்டுகிறாள். தலைமையாசிரியை கார் ஓட்டுகிறாள்.

என் கணவர் இறந்தபோது நான் அறையைச் சாத்திக்கொண்டேன். நீ வெளியே உட்கார்ந்து மதியம்வரை பேசினாய். "வாய் வலிக்குதுடி, கதவைத் திற" என்றாய். திறந்தேன். அந்தப் பிடிவாதம் எனக்கும் வரும்.

நீ மெதுவாகவே பேசு. முப்பது வருஷம் கேட்டவர்கள், மிச்சத்தையும் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவோம்.

உன்னை விடாத
அறைத்தோழி